குணா அண்ணாந்து எடுத்த படங்கள்

என் குணாவுக்கு,

எதிரே உட்கார்ந்து நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன் கடிதம் எழுதுகிறானா என்று நீ சிரிப்பாய். சிரி. உன் படங்களோடு சேர்த்து வைக்க நாலு வரி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நாலு வரியில் நிற்கவில்லை. மூன்று நாளாகச் சவாரி இல்லாத நேரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், இது உனக்குத்தான்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி இருக்கிறதல்லவா, அதன் பெரிய ஹாலில் நீ எடுத்த அறுபது படங்களைப் பெரிது பண்ணி மாட்டியிருக்கிறார்கள். வாசலில் உன் பெயர். 'குணசுந்தரி ஏழுமலை, திருவேற்காடு' என்று என் தோள் உயரத்துக்கு எழுத்து. உன் பெயருக்குப் பின்னால் என் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது. முப்பது வருஷம் வண்டியின் பின்கண்ணாடியில் என் பெயரைப் பார்த்தவன் நான். அப்போதெல்லாம் வராத பெருமை இப்போது வந்தது.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்களாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். திருவேற்காடு, அயனம்பாக்கம், ஆவடிப் பக்கத்து ஜனங்களைக் கோயில் கோயிலாக அழைத்துப் போவது வேலை. நீ அதே வண்டியில் அடுப்பும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு வந்து இருபது பேருக்குச் சமைத்துப் போடுவாய். அதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னால், நீ சித்தாள். ஆவடியை ஒட்டின கோவில்பதாகையில் உன் அப்பா அம்மா கூலிக்கு இறங்கிய நிலமெல்லாம் மனையாகிப் போனதும் நீ காங்கிரீட் கோஷ்டியில் சேர்ந்தாய். அம்பத்தூரிலும் கொரட்டூரிலும் ஐந்து வருஷம், தலையில் சட்டியோடு எத்தனை மாடி ஏறியிருப்பாய்!

அந்தக் கேமராவை நாம் வாங்கியது படம் எடுக்கும் ஆசையில் அல்ல. கோபுரத்துக்கு முன்னால் பயணிகளைக் கும்பலாக நிற்க வைத்து எடுத்து, பிரிண்டு போட்டுக் கொடுக்கலாம் என்று வாங்கினோம். கையடக்கக் கேமரா, இரண்டு பென்சில் செல் போட்டால் ஓடும். கொஞ்ச காலத்தில் ஆளுக்கொரு செல்போன் வந்தது. நம்மிடம் யாரும் பிரிண்டு கேட்கவில்லை. கேமரா டேஷ்போர்டு டப்பாவுக்குள் போய்விட்டது.

ஒரு மதுரைப் பயணத்தில் பயணிகளெல்லாம் கோயிலுக்குள் போயிருந்தார்கள். நான் வண்டியில் கால் நீட்டிப் படுத்திருந்தேன். நீ கேமராவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டு, ஒரு மணி நேரம் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தாய். கோபுரத்தை எடுத்திருப்பாய் என்று பார்த்தேன். திரையில் ஏதோ சாம்பல் நிறத்தில் ஒரு கூரை, அதுவும் அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தது.

"இன்னா இது?"

"புது மார்க்கெட்டு மாமா. ஒரே ஒரு தூணு. நாலு பக்கமும் குடை மாதிரி விரிச்சி உட்டுகீறாங்க. ஓரத்துல தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல, பாரேன்."

"இருந்தா இன்னா?"

"இருந்தா இன்னாவா? அஞ்சு வருசம் காங்கிரீட் தூக்கிகீறேன், இத்த மாதிரி ஒண்ண எனுக்கு யாருமே காட்டல."

அப்படித்தான் ஆரம்பித்தது. அதற்கப்புறம் எந்த ஊரில் வண்டி நின்றாலும், டீக்கடையில் நீ கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஊர்ல புதுசா இன்னா கட்டிகீறாங்க?" மலையாளக் கடைக்காரனிடமும் கன்னடக்காரனிடமும் இதே மெட்ராஸ் தமிழில்தான் கேட்பாய். அவர்களும் எப்படியோ புரிந்துகொண்டு கையைக் காட்டுவார்கள். மைசூர் போகிற வழியில் சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகச் செங்கல் வைத்துக் கட்டின ஆபீஸ். கொச்சிக்குப் பக்கத்தில் காகிதத்தை மடித்து வைத்த மாதிரி கூரை போட்ட சர்ச். அதே கொச்சியில் சாய்ந்த தூண்கள் மேல் நிற்கும் ஒரு பெரிய மண்டபம். நம் பூந்தமல்லி ரோட்டில் மெட்ரோ தூண்கள் எழும்பியபோது, ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு படம்.

அந்தச் சின்னக் கேமராவில் முழுக் கட்டடமும் அடங்காது. ஆரம்பத்தில் பின்னாலேயே நடந்து நடந்து ரோட்டுக்கு நடுவில் போய்விடுவாய், எனக்கு உயிர் போய் உயிர் வரும். அப்புறம் நீயே ஒரு வழி கண்டுபிடித்தாய். முழுசாக எடுப்பதை விட்டுவிட்டு அடியில் போய் நின்றாய். தூணும் கூரையும் சேரும் இடம், படிக்கட்டின் அடிவயிறு, நீட்டிக்கொண்டிருக்கும் மாடியின் ஓரம். "பூசாம உட்ருக்காங்க மாமா, காங்கிரீட் ஊத்தறதுக்கு அடிச்ச சென்ட்ரிங் பலகையோட தடம் அப்படியே தெர்து பாரு" என்று காட்டுவாய். வெயில் சாய்ந்தால்தான் அந்தத் தடம் தெரியும் என்று காத்திருப்பாய். வண்டியில் வருகிறவர்கள், "கோயிலு இங்க கீது, இந்தம்மா எங்க போவுது?" என்று சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவாய்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

ஷீரடிப் பயணம். புனேவுக்கு வெளியே ஒரு மைதானத்தில் எல்லாருக்கும் காலை நாஸ்டா போட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போனாய். மூன்று பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று கோணலாக அடுக்கிய மாதிரி ஒரு கம்பெனிக் கட்டடம். மேல் பெட்டி தூணே இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் டயருக்குக் காற்றடித்துவிட்டு நிமிர்ந்தால் அங்கே ஒரே சத்தம். இரண்டு காவலாட்கள் உன்னை மறித்துக்கொண்டு இந்தியில் கத்துகிறார்கள். கேமரா ஒருவன் கையில். நீ புடவையை இடுப்பில் சொருகியபடி, ஒன்றும் புரியாமல், ஆனால் தலை குனியாமல் நிற்கிறாய்.

ஓடி வந்தேன். போலீஸ், போலீஸ் என்றார்கள். எனக்கு வண்டி ஞாபகம் வந்தது, பர்மிட் ஞாபகம் வந்தது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இருபது பேர் ஞாபகம் வந்தது. உன் ஞாபகம் மட்டும் வரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு, "பாகல் ஹை சாப், பாகல்" என்றேன். சொன்னது போதாதென்று நெற்றிப்பொட்டில் விரலை வைத்துச் சுற்றிக் காட்டினேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். படங்களையெல்லாம் அழித்துவிட்டுக் கேமராவைக் கொடுத்தார்கள்.

உனக்கு இந்தி தெரியாது. ஆனால் விரலைப் பார்த்தாய்.

திரும்பி நடக்கும்போது, "பைத்தியம்னுதான சொன்ன?" என்று கேட்டாய்.

"உட்டா போதும்னு ஏதோ சொன்னேன் குணா."

பாத்திரம் கழுவினாய், அண்டாவை ஏற்றினாய். மத்தியானம் வழக்கம் போல எனக்கு முதலில் சாதம் போட்டாய். அடுத்த இரண்டு பயணத்துக்குக் கேமராவைத் தொடவில்லை. டீக்கடையில் எதுவும் விசாரிக்கவில்லை. டீயை மட்டும் குடித்தாய். அந்த அமைதியில் வண்டி ஓட்டியது போல ஒரு கஷ்டம் எனக்கு எந்த மலைப் பாதையிலும் வந்ததில்லை.

கன்னியாகுமரி போகும்போது, திருநெல்வேலி தாண்டி, ரோட்டோரம் வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிற மாதிரி ஒரு கட்டடம் தெரிந்தது. கல்யாண மண்டபமோ, ஆஸ்பத்திரியோ. நீ பார்த்தாய், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் வண்டியை நிறுத்தினேன்.

"இன்னா ட்ரைவரே, டீசலா?" என்றார் ஒருவர்.

"இல்ல. என் ஊட்டுக்காரி போட்டோ எடுக்கணும். பத்து நிமிசம்."

அயனம்பாக்கத்து அம்மா ஒருத்தர் எழுந்து நின்றார். "சாமி பாக்க வந்தமா, பில்டிங் பாக்க வந்தமா?"

"ரெண்டும் பாரும்மா. இன்னா இப்போ?"

நீ இறங்கவில்லை. நேராக என்னைப் பார்த்தாய். "நீ அன்னிக்கி வெரலால காட்டுனத நான் மறக்க மாட்டேன் மாமா."

"சரி."

"மறக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் எறங்கறேன்."

இறங்கிப் போய் அரை மணி நேரம் எடுத்தாய். அந்த அயனம்பாக்கத்து அம்மாவையே படிக்கட்டில் நிற்க வைத்து எடுத்தாய். அந்தப் படம் இப்போது ஹாலில் நாலாவதாக மாட்டியிருக்கிறது. அவர் தன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "நான்தான், நான்தான்" என்று காட்டிவிட்டுப் போனார்.

வயிற்று வலி என்று நீ படுத்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. புற்று என்று தெரிந்தபோது நேரம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்தது. ஒரு காலையில் நான் இட்லி வாங்கிக்கொண்டு வந்தால் நீ எழுந்து உட்கார்ந்திருந்தாய். "எதிர் பிளாக்குல ஸ்லாபு போட்றாங்க. கேமரா எட்துனு வா மாமா." சாய்தளத்தில் பெண்கள் வரிசையாகச் சட்டி கைமாற்றுவதை ஜன்னல் கம்பி வழியாக எடுத்தாய். கை நடுங்கியதால் படம் கொஞ்சம் கலங்கலாக இருக்கிறது. அந்த ஸ்லாபுக்குச் சென்ட்ரிங் பிரிக்கும் முன்னாலேயே நீ போய்விட்டாய்.

இரண்டு வருஷம் நான் அந்தக் கேமராவைத் திறக்கவில்லை குணா. நம் மகள் சுகன்யா, "அம்மா எடுத்தத கம்ப்யூட்டர்ல போட்டு வைக்கிறேன்பா" என்று மெமரி கார்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு போனாள். போட்டு வைத்தாள். நான் பார்க்கவில்லை. வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான். சமையலுக்கும் வேறு ஆள் வைக்கவில்லை. பயணிகளுக்கு இப்போது ஓட்டல் சாப்பாடுதான்.

போன மழைக்காலம் முடிந்ததும் அந்தக் கல்லூரியிலிருந்து பிள்ளைகளைக் கொச்சிக்குக் கூட்டிப்போக வண்டி கேட்டார்கள். கோயிலுக்கு இல்லை, கட்டடங்களைப் பார்க்க! ஜெனிஃபர் என்று ஒரு டீச்சர் கூட வந்தார். ராத்தங்கல் முடிந்து கிளம்பும்போது, "முதல்ல அந்த சர்ச்சுக்குப் போயிடலாம் டிரைவர் சார்" என்றார்.

என் வாய் தானாகச் சொன்னது. "காலைல வேணாம் மேடம். நாலு மணிக்கு மேல போனாத்தான் அந்த மடிப்பு தெரியும். காலைல மொட்டையா கீது. இப்போ மண்டபத்துக்குப் போய்டலாம், சாஞ்ச தூணு மேல கெழக்கு வெயிலு வுழும்."

அந்தம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க ஆர்க்கிடெக்சர் படிச்சிருக்கீங்களா?"

"பத்தாவது மேடம். என் ஊட்டுக்காரி சொன்னது. அவ போட்டோ எடுப்பா."

"எங்க அந்த போட்டோ?"

உன் பேச்சை எடுத்ததும் எனக்கு நிற்கவில்லை. கொச்சியிலிருந்து ஊர் திரும்பும் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார். சுகன்யா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நானும் அன்றுதான் முதல் தடவையாக எல்லாவற்றையும் பார்த்தேன். டீச்சர் ஒவ்வொரு படத்திலும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

அப்புறம் சொன்னார். "எல்லாரும் கட்டடத்துக்கு எதிர்ல நின்னு எடுப்பாங்க சார். நாங்களும் அப்படித்தான் சொல்லித் தர்றோம். இவங்க அடியில போய் நின்னு எடுத்திருக்காங்க. எது எதைத் தாங்குதுன்னு பார்த்திருக்காங்க. இப்படிப் பார்க்கறதுக்கு எங்க பசங்களுக்கு அஞ்சு வருஷம் ஆகுது."

அஞ்சு வருஷம் அவளுக்கும் ஆச்சு மேடம், சட்டி தூக்கினாளே என்று சொல்ல நினைத்தேன். சொல்லாமல் அவருக்கு வேறு டீ போட எழுந்துவிட்டேன்.

திறப்பு நாளில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கை முன்னே பின்னே பிடித்தவனா நான்? எதிரே புரபசர்கள், பிள்ளைகள், நம் தெரு ஜனங்கள். பெருமையாக ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன். ஆனால் உன் பெயரைப் பார்த்ததும் அது முடியவில்லை.

"இவங்க எல்லாம் இன்னிக்கி என் ஊட்டுக்காரிய பெரிய ஆளுன்றாங்க. ஊரு பேரு தெரியாத எடத்துல ரெண்டு பேரு அவள மடக்கனப்போ, நான் அவள பைத்தியம்னு சொன்னேன். இந்த வெரலால காட்டனேன். அவ அத்த மறக்கல. நானும் மறக்கல. அத்த இங்க சொல்லாம மாலை வாங்கிகினு போனா நான் மனுசன் இல்ல."

இறங்கிவிட்டேன். யாரும் கை தட்டவில்லை, அதுதான் எனக்கும் நல்லதாகப் பட்டது. சுகன்யா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா என்கிட்ட இத சொன்னதே இல்லப்பா" என்றாள்.

ஏன் சொல்லவில்லை குணா? மகள் கண்ணில் நான் தாழ்ந்துவிடக் கூடாது என்றா? இல்லை, அது நம் இரண்டு பேருக்குள் இருக்க வேண்டிய கணக்கு என்றா? இப்போது யாரைக் கேட்பேன்?

இன்னொரு சேதி இருக்கிறது. நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

கல்லூரிக்குள் புதுசாக ஒரு பிளாக் கட்டுகிறார்கள். திறப்பு முடிந்து நாலாம் நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், அங்கே வேலை செய்கிற ஒடிசா ஆள் ஒருவர் ஹால் வாசலில் வந்து நின்றார். கையெல்லாம் சிமெண்ட். உள்ளே வரலாமா என்று தயங்கினார். நான்தான் வாப்பா என்று கூப்பிட்டேன். பிகாஷ் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தவர் கொச்சி மண்டபத்தின் சாய்ந்த தூண் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். அப்புறம் கிட்டே போய்த் தொடாமல் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

"அண்ணா, இது நம்ம போட்டது."

"இன்னாப்பா?"

"கொச்சி. கம்பி நான். இந்த தூண், அந்த தூண். ரெண்டு வருசம்." பின்னால் தெரிந்த பலகைத் தடத்தைக் காட்டி, "இங்க பலக கொஞ்சம் தப்பு. மேஸ்திரி ரொம்ப திட்டினார்" என்று சிரித்தார்.

கட்டி முடித்த பிறகு அவர் அந்த மண்டபத்தைப் பார்த்ததே இல்லையாம். வேலை முடிந்த மறுநாளே அடுத்த ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்களாம். வீட்டுக்கு வீடியோ கால் போட்டார். அவர் மனைவி, அம்மா, இரண்டு பிள்ளைகள் எல்லாரும் சின்னத் திரையில் நெருக்கியடித்துக்கொண்டு உன் படத்தைப் பார்த்தார்கள். அவர் ஏதேதோ ஒடியாவில் சொன்னார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த மிடுக்கு புரிந்தது. நான் வாசலில் உன் பெயரைப் பார்த்தபோது எனக்குள் இருந்ததும் அதேதான்.

போகும்போது, இந்தப் படம் பிரிண்டு கிடைக்குமா என்று கேட்டார். நான் அங்கே இருந்த ஜெனிஃபர் டீச்சரைப் பார்த்தேன். அவர் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தப் படத்தையே கழற்றி பிகாஷ் கையில் கொடுத்துவிட்டார். சிமெண்ட் படக் கூடாது என்று பிகாஷ் தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்த இடம் வெறும் சுவர். ஆணி மட்டும் இருக்கிறது. வருகிறவர்கள் இங்கே என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். டீச்சர் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார்: 'கட்டினவர் எடுத்துக்கொண்டு போனார்.'

பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு மேல் ரயில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சுகன்யா சுகமாக இருக்கிறாள். அடுத்த வாரம் கண்காட்சி முடிகிறது. படங்களை நம் வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்கிறார்கள். வீட்டில் மாட்ட எனக்கு மனசில்லை குணா. மைசூர், மதுரை, திருநெல்வேலி, வண்டி எப்படியும் அங்கெல்லாம் போகத்தான் போகிறது. படங்களை அண்டா வைக்கும் இடத்தில் அடுக்கிக்கொண்டு போவேன். மேஸ்திரியோ, சித்தாளோ, கம்பி கட்டியவரோ, ஊரில் யார் மிச்சமிருக்கிறார்கள் என்று விசாரித்து அவரவர் கையில் கொடுப்பேன். இது குணா எடுத்தது என்று சொல்லித்தான் கொடுப்பேன். மீதி ஐம்பத்தொன்பது ஆணிகளும் சும்மா காலியாகாது. சத்தியம்.

உன் அத்தை மகன்,
உன் வீட்டுக்காரன்,
ஏழுமலை
திருவேற்காடு